என்புமச்சை மாற்றினவருக்கு சதையி அழற்சி: சைக்கிளோஸ்போரினை நிப்பாட்டலாமோ?

கொக்குவிலான் | ஞாயிறு, இரவு 10.15

ஆருக்கும் உதில அனுபவம் இருந்தால் கெதியாச் சொல்லுங்கோ.

அண்ணாவுக்கு 29 வயது. ஏ.எல்.எல் எண்ட இரத்தப் புற்றுநோய். சென்னையில என்புமச்சை மாற்றினது. பெரியக்காதான் குடுத்தவ, சகோதரங்களில அவ மட்டும்தான் பொருந்தினவ. 100 நாள் முடியுமட்டும் அங்கயே வாடகை வீட்டில நிண்டிட்டுப் பலாலியில வந்து இறங்கினவை. அங்க நிக்கேக்க குடலில ஜிவிஎச்டி (குடுத்தவவின்ர கலங்கள் வாங்கினவரின்ர உடம்பை அடிக்கிறது) வந்து பிரட்னிசலோன் எண்ட ஸ்ரீரோயிட்டைக் கூட்டிக் குடுத்து, இப்பதான் மெல்ல மெல்லக் குறைச்சுக்கொண்டு வருகினம். அதோட ஜிவிஎச்டியை அடக்கச் சைக்கிளோஸ்போரின், பூஞ்சைக்குப் போசகொனசோல், கிருமிக்குக் கோட்ரைமொக்சசோல், வைரசுக்கு அசைக்ளோவிர். குளிசைப் பெட்டியைப் பாத்தால் ஒரு சின்ன மருந்துக்கடை.

வெள்ளி இரவு மேல்வயித்தில குத்து. முதுகுக்கு ஊடுருவிப் போகுது எண்டான். படுக்க ஏலாது, முன்னால குனிஞ்சு இருந்தால்தான் கொஞ்சம் சுகம். சத்தி வேற. கிட்ட இருந்த ஒரு தனியார் இடத்தில காஸ்ட்ரைட்டிஸ் எண்டு பாணி தந்து அனுப்பிச்சினம். விடியப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். சதையி சுரக்கிற நொதியங்களில அமிலேஸ் பெரிசா ஏறேல்லை, ஆனால் லைபேஸ் மேல் எல்லையைவிடப் பத்து மடங்குக்கு மேல. ஸ்கானில பித்தப்பைக்குள்ள சேறு மாதிரி இருக்காம். இரத்தத்தில ட்ரைகிளிசரைட் எண்ட கொழுப்பு 1400. சதையி (கணையம்) அழற்சி எண்டு சொல்லி வார்ட்டில விட்டிருக்கினம்.

மாத்தின மச்சை கைவிட்டிட்டுதோ எண்டு அம்மா அழுகிறா. நெற்றில பாத்தால் சைக்கிளோஸ்போரினும் காரணம் எண்டு கிடக்கு. அதை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கிறதோ? சென்னைக்கு ஏத்துறதோ?

ஸ்காபரோ மாமா | இரவு 10.40

தம்பி, முதல் பிளைட்டில ஏத்துங்கோ. மாத்தினவைக்குத்தான் இதுகள் தெரியும். அங்க நிண்டு மினக்கெடாதேங்கோ.

சுன்னாகம் அக்கா | இரவு 10.52

மாமா, சேலைன் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பிளைட்டில ஏத்தச் சொல்லுறது கனடாவில இருந்து லேசு. நான் தாதியா வேலை செய்தனான். சதையி அழற்சியில முதல் ரெண்டு மூண்டு நாள்தான் உடம்பு எந்தப் பக்கம் போகப் போகுது எண்டு தெரியிற நாள். பிரஷர் விழலாம், சலம் குறையலாம், மூச்சு முட்டலாம். அந்த நேரம் ஆளை அசைக்காமல் பக்கத்தில நிண்டு பாக்கோணும்.

கொக்குவில் தம்பி, ஒரு காரியம் செய்யுங்கோ. சென்னையில தந்த டிஸ்சார்ஜ் துண்டு, கடைசி சைக்கிளோஸ்போரின் அளவு, குளிசை எல்லாம் எழுதின கொப்பி, இவ்வளவையும் படம் எடுத்து அங்கத்த டொக்டருக்கும் இங்கத்த டொக்டருக்கும் ஒரே நேரத்தில அனுப்புங்கோ. ரெண்டு பேரையும் போனில கதைக்க வையுங்கோ. ஆளைக் கொண்டு போறதைவிட அது கெதி.

நோ தாங்கேலாமல் இருந்தால் வாய்விட்டுக் கேக்கச் சொல்லுங்கோ. சதையிக்கு மோர்பீன் குடுக்கக் கூடாது எண்டு முந்தி ஒரு கதை இருந்தது. இப்ப அப்படி ஒருத்தரும் பயப்பிடுறேல்லை.

நீர்வேலி வாழைக்குலை | இரவு 11.05

எல்லாம் அந்த ஸ்ரீரோயிட் செய்யிற வேலை. என்ர மச்சானுக்கு அதாலதான் சலரோகம் வந்தது. அதையும் சைக்கிளோஸ்போரினையும் ரெண்டையும் நிப்பாட்டிப் போட்டு, செவ்விளநீர் குடுத்து உடம்பைக் குளிரப் பண்ணுங்கோ. எங்கட பரியாரியார் ஒருத்தர் இருக்கிறார், தனியா மெசேஜ் போடுங்கோ.

வெள்ளைக்கோட்டு | இரவு 11.48

மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டுப் படுக்க மனமில்லை. நான் சமிபாட்டுத்தொகுதிப் பக்கம் வேலை செய்கிற டொக்டர். அண்ணாவைப் பார்க்கவில்லை, ஆகவே சிகிச்சை சொல்ல வரவில்லை. இந்த வருத்தம் எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கோ: மச்சை இருக்கிறது என்புக்குள், சதையி இருக்கிறது இரைப்பைக்குப் பின்னால். சதையியில் அழற்சி வந்தது, மாற்றிய மச்சை கைவிட்டதற்கு அடையாளமே இல்லை. வெண்குருதிக் கலங்களும் குருதிச்சிறுதட்டும் நன்றாக இருந்தால் அக்கா கொடுத்தது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

மருந்தை நீங்களாக நிப்பாட்டுவது பற்றி: தயவுசெய்து வேண்டாம். அக்காவின் கலங்கள் அண்ணாவின் உடம்பை அந்நியம் என்று நினைத்து அடிக்காமல் பிடித்து வைத்திருப்பது சைக்கிளோஸ்போரின்தான். ஏற்கெனவே குடலில் ஒருமுறை அடித்திருக்கிறது. திடீரென்று பிடியை விட்டால் ஜிவிஎச்டி திரும்பப் பாயலாம், முதல் முறையைவிட மோசமாகக்கூட. பிரட்னிசலோன் இன்னொரு விதத்தில் ஆபத்து. மாதக்கணக்கில் எடுத்தவருக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்ரீரோயிட்டைத் தானாகச் சுரக்கிற அதிரனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து ஆளே போகலாம், அதிலும் இப்படியொரு கடும் வருத்தத்துக்கு நடுவில். ஆனால் அண்ணா சத்தி எடுக்கிறாரே, குளிசை வயிற்றில் நிற்கிறதா என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. நிற்காவிட்டால் ஊசியாகக் கொடுப்பார்கள். ஊசிக்கு மாறும்போது சைக்கிளோஸ்போரினின் அளவு குளிசையின் அளவு அல்ல, நன்றாகக் குறையும். அந்தக் கணக்கை இரு பக்க டொக்டர்மாரும் சேர்ந்து பார்க்கட்டும்.

இளநீர் வேண்டாம். அதில் பொட்டாசியம் கூட. சைக்கிளோஸ்போரினும் கோட்ரைமொக்சசோலும் தாங்களாகவே இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுகிறவை. சிறுநீரகமும் களைத்திருக்கிற நேரத்தில் அது இதயத் துடிப்பில் கைவைக்கும். பரியாரியாரின் மருந்தும் இப்போதைக்கு வேண்டாம்.

இனி, அமிலேஸ் ஏன் ஏறவில்லை? ட்ரைகிளிசரைட் 1400 என்றால் இரத்தம் பால் கலந்ததுபோல் இருக்கும். அந்தக் கொழுப்பு அமிலேஸ் சோதனையைக் குழப்பி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். ஆய்வுகூடத்தில் ஒருவரும் பிழை விடவில்லை. மேல்வயிற்று நோ, அமிலேஸ் அல்லது லைபேஸ் மேல் எல்லையின் 3 மடங்குக்கு மேல், ஸ்கானில் சதையி வீக்கம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் சதையி அழற்சி என்று எடுத்துக்கொள்வோம். அண்ணாவுக்கு முதல் இரண்டுமே இருக்கின்றன.

வடமராட்சியான் | திங்கள், காலை 6.20

டொக்டர் சொன்ன அமிலேஸ் கதை எனக்குத் தலைகீழா நடந்தது. நானும் மச்சை மாத்தினவன்தான், வேற ஊரில. மாத்த முதல் உடம்பு முழுக்கக் கதிர் வைச்சவை. அடுத்த நாளே ரெண்டு கன்னமும் கூகைக்கட்டு மாதிரி வீங்கி, அமிலேஸ் எங்கயோ ஏறிப்போச்சு. வீட்டுக்காரர் சதையி எண்டு பயந்திட்டினம். பேந்து பாத்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பியில இருந்து வந்த அமிலேஸ். கதிர் பட்டு அது வீங்கினது, தானாவே வத்திப்போச்சு. லைபேஸ் சும்மா கிடந்தது.

உங்கட அண்ணாவின்ர கதை அது இல்லை. ஆனாலும் இந்த இழையைப் பேந்து வாசிக்கிற ஆருக்கும் உதவட்டும் எண்டு எழுதுறன்.

கொக்குவிலான் | காலை 7.05

டொக்டர், அக்கா, பெரிய உபகாரம். துண்டெல்லாம் அனுப்பிட்டம். அங்கத்தவை இங்கத்த டொக்டரோட கதைச்சும் போட்டினம். குளிசை நிக்கேல்லை எண்டு சொன்னன், ஊசிக்கு மாத்திப்போட்டினம்.

அப்ப காரணம் எது? பித்தப்பைச் சேறோ, கொழுப்போ, மருந்தோ? வார்ட்டில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லினம். கேக்கக் கேக்க விசர் பிடிக்குது.

வெள்ளைக்கோட்டு | மதியம் 1.30

ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்வது அவர்களுக்குத் தெரியாததால் அல்ல. என் அனுபவத்தில், மச்சை மாற்றியவரின் சதையி அழற்சிக்கு ஒரேயொரு காரணத்தைத் தேடிப் பிடிக்கிறவர் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார். சாதாரணமாக ஒருவர் இந்த நோவோடு வந்தால் பித்தக்கல்லா, மதுவா என்று கேட்டாலே பாதி வேலை முடியும். இங்கே அப்படியில்லை. நாலைந்து பேர் ஒரே வாசலால் வந்திருப்பார்கள்.

பித்தச் சேற்றை எடுங்கோ. வாயால் சாப்பிடாமல் நாட்கணக்கில் கிடந்தால் பித்தப்பை சுருங்காது, பித்தம் உள்ளேயே தடிக்கும். நாளத்தால் போஷாக்கு ஏற்றினால் இன்னும் தடிக்கும். சைக்கிளோஸ்போரின் பித்தம் ஓடுவதைக் குறைக்கும். காய்ச்சலுக்குப் போடுகிற செப்ட்ரையக்சோன் ஊசிகூடப் பித்தப்பைக்குள் படியும். மாற்றின காலத்தில் இவை எல்லாமே நடந்திருக்கும். அந்தச் சேறு நழுவிப்போய், பித்தமும் சதையிநீரும் குடலுக்குள் திறக்கிற பொதுவாயிலில் மாட்டினால் சதையிநீர் பின்னால் தள்ளப்படும்.

ட்ரைகிளிசரைட் 1000 தாண்டினால் அதுவே தனியாகச் சதையியைச் சுடக்கூடியது. ஸ்ரீரோயிட் அதைக் கூட்டும், சைக்கிளோஸ்போரின் கூட்டும், ஸ்ரீரோயிட்டால் வருகிற சலரோகமும் கூட்டும். ஆகவே நீர்வேலிக்காரர் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அவர் சொன்ன வைத்தியம்தான் பிழை.

பிறகு வைரசுகள். சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்), அடினோவைரஸ், கொப்புளிப்பான் வைரஸ். எதிர்ப்புக் கலங்கள் இல்லாத உடம்பில் இவை உறுப்புகளுக்குள் இறங்கும். இரத்தத்தில் சிஎம்வி பிசிஆர் அனுப்பியிருப்பார்கள், அனுப்பினார்களா என்று கேளுங்கோ.

மாற்றுவதற்கு முன் ஏ.எல்.எல்லுக்கு அஸ்பராஜினேஸ் ஊசி போட்டிருப்பார்கள். அது சதையிக்குப் பேர்போன எதிரி. அப்போது ஒருமுறை நோ வந்து அடங்கியதா? வந்திருந்தால் சதையி ஏற்கெனவே தழும்போடு இருக்கலாம், அதை வார்ட்டில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஜிவிஎச்டியே சதையியைத் தாக்குமா என்பது. கடும் ஜிவிஎச்டி உள்ளவர்களில் சதையி அழற்சியும் கூட வருவதைக் காண்கிறோம். ஆனால் அதே ஆளுக்குத்தான் கூடிய ஸ்ரீரோயிட்டும், கூடிய தொற்றும், நாளப் போஷாக்கும். எது எதைச் செய்தது என்று பிரிப்பது கஷ்டம். ஒன்று மட்டும் உறுதி. மாற்றிய பிறகு இறந்தவர்களின் உடற்கூற்றுப் பரிசோதனைகளில், உயிரோடு இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டதைவிடக் கூடுதலானவர்களின் சதையியில் அழற்சி காணப்பட்டிருக்கிறது. வயிற்று நோ, சத்தி, வயிற்றோட்டம் எல்லாவற்றையும் குடல் ஜிவிஎச்டியின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் இது தப்பிப்போகிறது. ஒரு லைபேஸ் சோதனைக்குப் பெரிய செலவில்லை.

 

தெல்லிப்பழைப் பூவரசு | மாலை 4.10

கொப்புளிப்பான் வைரஸ் எண்டு டொக்டர் ஒரு வரியில விட்டிட்டார். அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லோணும், ஏன் எண்டால் எங்கட வீட்டில நடந்தது.

தங்கச்சியின்ர மகனுக்கு மச்சை மாத்தி ஆறேழு மாசம். நல்லா இருக்கிறான், ஓடித் திரியிறான். அசைக்ளோவிர் குளிசை முடிஞ்சது, சுகம்தானே எண்டு திரும்ப வாங்கேல்லை. ஒரு நாள் இரவு வயித்துக்குத்து எண்டு உருண்டு பிரண்டான். ஸ்கானில ஒண்டும் பெரிசா இல்லை, ஈரல் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டு போகுது, லைபேசும் ஏறுது. தோலில ஒரு பரு இல்லை. மாத்தின கதை முழுக்கக் கேட்ட ஒரு டொக்டர்தான், பரிசோதனை வரமுதலே அசைக்ளோவிர் ஊசி தொடங்கச் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் முதுகில கொப்புளம் போட்டது. கொப்புளத்துக்காகக் காத்திருந்திருந்தால் பிள்ளை மிஞ்சியிருக்காது எண்டு அவர் பேந்து சொன்னவர்.

கொக்குவில் தம்பி, அண்ணா அசைக்ளோவிர் விடாமல் எடுத்தவரோ?

கொக்குவிலான் | மாலை 5.30

ஓம் அக்கா, ஒரு நேரமும் விடேல்லை, அண்ணி பெட்டியில எண்ணி வைப்பா. அஸ்பராஜினேஸ் போட்டதுதான், அப்ப ஒருக்கா வயித்து நோ வந்து அந்த ஊசியை இடையில விட்டவை. இண்டைக்கு வார்ட்டில சொன்னன். டொக்டர் உடன எழுதிக்கொண்டார்.

ஸ்காபரோ மாமா | இரவு 8.00

தம்பி, நான் அந்தரத்தில எழுதினது, மனசில வைக்காதேங்கோ. காசு ஏதும் தேவை எண்டால் தனியாச் சொல்லுங்கோ. ஒரு கேள்வி: சிரி ஸ்கான் ஏன் இன்னும் எடுக்கேல்லை? இங்க எண்டால் வாசலிலயே எடுப்பினம்.

சுன்னாகம் அக்கா | இரவு 8.25

முதல் நாளே சிரி எடுத்தால் சதையி அழுகுதோ இல்லையோ எண்டு வடிவாத் தெரியாது மாமா. ரெண்டு மூண்டு நாள் போனால்தான் விளங்கும். அதோட அந்தச் சாயம் சிறுநீரகத்துக்குக் கூடாது, சைக்கிளோஸ்போரின் ஏற்கெனவே அதை வாட்டி வைச்சிருக்கும். என்ன வருத்தம் எண்டதில சந்தேகம் இருந்தால் உடன எடுப்பினம்.

சேலைனும் அப்படித்தான். முந்தி வாளி வாளியா ஏத்தினம். 2022 இல வந்த ஒரு பெரிய ஆய்வில அப்படி ஏத்தினவைக்குத்தான் நீர் கட்டினது கூட எண்டு கண்டவை. இப்ப அளந்துதான்.

சாப்பாட்டையும் கேளுங்கோ. சதையி எண்டால் கிழமைக் கணக்கில வாயைக் கட்டின காலம் போட்டுது. சத்தி நிண்டு பசி வந்தால் கெதியாத் தொடங்கலாம், வாயால ஏலாட்டில் மூக்கால குழாய் விட்டு. குடல் சும்மா கிடந்தால் அங்க இருக்கிற கிருமி ரத்தத்துக்குள்ள இறங்கும். அண்ணாவுக்கு அது இரட்டை ஆபத்து.

ஆ, இன்னொண்டு. ரத்தம் ஏத்த வேண்டி வந்தால் "மச்சை மாத்தின ஆள், கதிர் காட்டின ரத்தம் வேணும்" எண்டு சொல்லுங்கோ. சாதாரண ரத்தத்தில இருக்கிற வெண்குருதிக் கலங்கள் வேறொரு ஜிவிஎச்டியைக் கிளப்பும்.

மட்டுறுத்துநர் | இரவு 9.00

பரியாரியாரின் போன் நம்பர் போட்ட ரெண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழை நல்லாப் போகுது, அப்படியே போகட்டும்.

நீர்வேலி வாழைக்குலை | இரவு 9.20

நம்பர் போட்டது உதவி செய்யத்தான். சரி, விடுங்கோ. இளநீர் கதை எனக்குத் தெரியாது, எங்கட வளவுக் குலையை நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இருந்தனான். பம்பளிமாசு குடுக்கலாமோ?

வெள்ளைக்கோட்டு | இரவு 10.10

ஐயா, அது இளநீரைவிட மோசம். பம்பளிமாசு சைக்கிளோஸ்போரின் உடைவதைத் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். அண்ணா எடுக்கிற போசகொனசோலும் அதையே செய்கிறது. ஆகவேதான் சைக்கிளோஸ்போரின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அளவு பார்க்கிற நாளில் காலைக் குளிசையை இரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் எண் எக்கச்சக்கமாகக் காட்டும், அதைப் பார்த்து ஒருவர் மருந்தைக் குறைத்துவிடுவார்.

கொக்குவிலான் | அடுத்த ஞாயிறு, இரவு 9.45

கேட்ட எல்லாருக்கும்: அண்ணா இப்ப சாதாரண வார்ட்டில. இன்சுலின் ட்ரிப் போட்டு ட்ரைகிளிசரைட் 500க்குக் கீழ வந்திட்டுது. சிஎம்வி இல்லை. சிரியில சதையி வீங்கித்தான் இருக்கு, அழுகேல்லை. சைக்கிளோஸ்போரின் அளவு கூடவா இருந்ததாம். அங்கயும் இங்கயும் கதைச்சு, அதை விட்டிட்டு அதே வேலை செய்யிற டக்ரோலிமஸ் தொடங்கியிருக்கினம், இடைவெளி விடாமல். அதுவும் சதையிக்கு முழுக்க நல்லபிள்ளை இல்லையாம், ஆனால் கொழுப்பை அவ்வளவு ஏத்தாதாம். பித்தப்பையை இப்ப தொடமாட்டினம், ஸ்ரீரோயிட் குறைஞ்ச பிறகு யோசிப்பினம்.

எது காரணம் எண்டு கேட்டன். கொழுப்பும் சேறும் சேர்ந்து, பழைய அஸ்பராஜினேஸ் தழும்புக்கு மேல எண்டு டொக்டர் சொன்னார். எல்லாத்தையும் ஒரே துண்டில எழுதித் தந்திருக்கிறார்.

கஞ்சியும் இடியப்பமும் சாப்பிடுறான், தேங்காய்ப்பால் இல்லாத சொதியோட. அது சொதியே இல்லை எண்டு சண்டை பிடிக்கிறான்.

வடமராட்சியான் | இரவு 10.20

சண்டை பிடிக்கிறான் எண்டால் சுகம் வருது.

வீட்ட போன பிறகு ஒண்டைப் பாருங்கோ தம்பி. எனக்குச் சதையி பேந்துதான் மெல்லமாச் சோர்ந்தது. மச்சை மாத்தி ரெண்டாம் வருசம், நாட்பட்ட ஜிவிஎச்டியோட. நல்லாச் சாப்பிடுவன், நிறை மட்டும் இறங்கும். மலம் எண்ணெய் மாதிரி, தண்ணி ஊத்தினாலும் போகாது. வயித்தோட்டம் எண்டு ஸ்ரீரோயிட்டைத்தான் கூட்டினவை. கடைசியில மலத்தில எலாஸ்ரேஸ் எண்ட சதையி நொதியத்தைப் பாத்து, சதையிநீர் காணாது எண்டு நொதியக் குளிசை தந்தவை. சாப்பாட்டோட சேத்து விழுங்கோணும், முன்னாலயோ பின்னாலயோ போட்டால் பிரயோசனம் குறைவு. ஒரு மாசத்தில ஆள் மாறிட்டன். சீனியையும் இடைக்கிடை பாருங்கோ, இன்சுலின் சுரக்கிறதும் சதையிதானே.

தெல்லிப்பழைப் பூவரசு | இரவு 10.35

அந்தக் குளிசை பன்றியின்ர சதையியில இருந்து செய்யிறது எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ? எங்கட வீடு சுத்த சைவம்.

வெள்ளைக்கோட்டு | இரவு 11.00

உண்மைதான், வழக்கமாகக் கிடைப்பது பன்றியிலிருந்து எடுத்தது. நான் எழுதிக் கொடுக்க முதலே நோயாளியிடம் சொல்லிவிடுவேன். பிறகு தெரிய வந்து ஆறு மாதக் குளிசையைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். கொக்குவில் தம்பி, அண்ணாவுக்கு இப்போது அது தேவைப்படவில்லை, நிறையை மட்டும் கிழமைக்கு ஒருமுறை எழுதி வையுங்கோ.

கொக்குவிலான் | இரவு 11.12

அம்மாவிட்ட வாசிச்சுக் காட்டினன். மருந்துக்கு விலக்கில்லை எண்டு போட்டு, நிறை எழுத ஒரு கொப்பியும் எடுத்து வைச்சிட்டா. வியாழக்கிழமை கிளினிக். டக்ரோலிமஸ் அளவும் கொழுப்பு ரிப்போட்டும் வந்ததும் இதுக்குள்ள போடுறன்.